முளையில் தொங்கும் கணக்கு: மராத்தியக் குதிரை லாயத்தின் கருவிகள் குறித்து

நிக்டி என்றதும் புனே வட்டாரத்தார்க்கு முதலில் நினைவில் எழுவது பக்தி–சக்தி சிலைத் தொகுதி. பழைய மும்பை–புனே நெடுஞ்சாலையின் ஓரத்தில், சிவாஜியும் துக்காராமும் சந்தித்ததாக மரபு சொல்லும் காட்சியை அது நிறுத்தி வைத்திருக்கிறது. துக்காராமின் தேஹூ அங்கிருந்து மிக அருகில். ஆண்டுதோறும் ஆஷாட மாதத்தில் தேஹூவிலிருந்து பண்டர்பூருக்குப் புறப்படும் பல்லக்கு ஊர்வலம் நிக்டி வழியாகவே ஆகுர்டிக்கு வந்து தங்குகிறது. பல்லக்குடன் குதிரைகளும் வருகின்றன. இச்சந்திப்பின் வரலாற்று உண்மை பற்றி அறிஞரிடையே நெடுநாள் வாதம் உண்டு. அவ்வாதத்திற்குள் நான் நுழையப் போவதில்லை. சந்திப்பு நிகழ்ந்திருப்பின் அரசர் குதிரையில் வந்திருப்பார். அவர் கீர்த்தனம் கேட்டிருந்த நேரத்தில் அக்குதிரையின் சேணத்தை எவரோ கழற்றி, எங்கோ வைத்து, மீண்டும் இருட்டில் தடவி எடுத்துப் பூட்டியிருப்பார். அந்த ‘எங்கோ’ என்பதே இப்பதிவின் பொருள்.

மராத்தியக் குதிரைப்படை பற்றிய நூல்களுக்குக் குறைவில்லை. படையின் எண்ணிக்கை, ஒரு நாளில் கடந்த தொலைவு, சௌத் வரி, மலைப்போர் முறை ஆகியவை எல்லாம் எழுதப்பட்டுவிட்டன. ஆனால் லாயத்தின் உட்சுவரில் எது எங்கே தொங்கியது, யார் தொங்கவிட்டார், தொலைந்தால் யார் தலையில் விழுந்தது என்னும் கேள்விகள் அற்பமானவை என ஒதுக்கப்பட்டன. நான் அவற்றை அற்பமானவையாகக் கருதவில்லை. குதிரைப்படையை நாம் பெரும்பாலும் சேணத்தின் மேல் அமர்ந்தவனின் கண்ணால் பார்க்கிறோம். சேணத்தை இறக்கி மாட்டியவனின் கண்ணால் பார்ப்பதற்கு நமக்குள்ள வழிகளில் ஒன்று, அவன் கையாண்ட பொருள்களும் அவை இருந்த இடமும்.

முதலில் சொற்கள். மராத்தியில் குதிரை லாயத்திற்கு ‘பாகா’ என்று பெயர். அதே சொல் அரசுக்குச் சொந்தமான குதிரைப்படைப் பிரிவையும் குறிக்கும். கட்டடத்திற்கும் படைக்கும் ஒரே சொல் வழங்கியது கவனிக்கத்தக்கது. பாகாவைச் சேர்ந்தவன் என்றால் அரச லாயத்துக் குதிரையில் ஏறுபவன் என்பது பொருள். மராத்திய அரசின் பழைய நிர்வாகப் பட்டியலில் வரும் 12 மஹால்களில் பல்லக்கு, தானியக் கோட்டை, கட்டுமானம், நாணயச்சாலை முதலியவற்றோடு பாகாவும் தனித் துறையாக இடம்பெறுகிறது. சுவரில் அடித்த முளைக்கு மராத்தியர் வழங்கும் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் படிப்போர் முகம் சுளிக்க நேரும் என்பதால், இங்கு ‘முளை’ என்றே குறிக்கிறேன். அம்மொழியில், விதியையோ வாக்குறுதியையோ ‘முளையில் மாட்டிவிட்டார்’ என்றால் அதைப் பொருட்படுத்தாமல் ஒதுக்கிவிட்டார் என்று பொருள். இன்றும் செய்தித்தாள்களில் அடிக்கடி காணும் வழக்கு இது. வீட்டில் முளையில் மாட்டியது மறக்கப்படும் போலும். லாயத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே முளையில் இல்லாததுதான் தொலைந்ததாகக் கருதப்படும்.

இத்துறையில் நமக்குக் கிடைக்கும் மிக உயிருள்ள ஆவணம் 1673 மே மாதம் சிவாஜியின் பெயரால் எழுதப்பட்ட கடிதம். கொங்கணத்தில் சிப்ளூண் அருகே மழைக்காலத்திற்குத் தங்கியிருந்த பாகாவின் ஜும்லேதார்கள், ஹவல்தார்கள், எழுத்தர்கள் ஆகியோரை நோக்கி எழுதப்பட்டது. குடியானவரின் பயிருக்கும் பொருளுக்கும் ஊறு செய்யாதீர் என்னும் அறிவுரைக்காகவே இக்கடிதம் புகழ்பெற்றது. பள்ளிப் பாடநூல்களும் மேடைப் பேச்சுகளும் அந்தப் பகுதியையே எடுத்தாள்கின்றன. அது நியாயமே. ஆயினும் கடிதத்தின் பெரும் பகுதி லாய மேலாண்மை பற்றியது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அதன் வாதம் படிப்படியாகச் செல்கிறது. மழைக்காலம் முழுவதற்கும் திரட்டி வைத்த தானியமும் புல்லும் இருக்கின்றன. கையில் இருக்கும்போதே மனம்போல் எடுத்துக் கொடுத்துவிட்டால் அடைமழையின் நடுவில் ஒன்றும் மிஞ்சாது. குதிரைகள் பட்டினியால் மடியத் தொடங்கும். அப்போது படையினர் குடியானவர் வீட்டில் தானியமும் புல்லும் விறகும் காய்கறியும் பறிக்கப் போவர். குடியானவர் ஊரை விட்டு ஓடுவர். முகலாயரே மேல் என்று எண்ணுவர். அறநெறி எனத் தனியே எடுத்துப் படிக்கப்படும் பகுதி உண்மையில் சேமிப்புக் கணக்கின் முடிவாக வருகிறது. லாயத்தின் ஒழுங்கு குலைந்தால் நாட்டின் ஒழுங்கு குலையும் என்பது அக்கடிதத்தில் உருவகமாக வரவில்லை. காரண காரியத் தொடராகவே வருகிறது.

அடுத்து வருவது நெருப்பு. கண்ட இடத்தில் அடுப்பு மூட்டுகிறார்கள். புல் எங்கே கிடக்கிறது, காற்று எப்பக்கம் வீசுகிறது என்று பாராமல் புகைக்கிறார்கள். இரவெல்லாம் விளக்கை எரியவிட்டு உறங்குகிறார்கள். எலி எரியும் திரியைக் கவ்விக்கொண்டு போகும். புல் பற்றும், கொட்டகை பற்றும், ஒரு குதிரையும் தப்பாது என்று கடிதம் எச்சரிக்கிறது. எலி திரியை இழுக்கும் என்பது அரண்மனையில் அமர்ந்து கற்பனை செய்யத்தக்க விவரமன்று. லாயத்தில் இரவு கழித்த எவரோ சொல்லியிருக்க வேண்டும், அல்லது எழுதியவரே கண்டிருக்க வேண்டும்.

இக்கடிதத்தில் சேணமோ கடிவாளமோ பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. ஆனாலும் அதன் கவலை முழுவதும் இடவைப்புப் பற்றியது: நெருப்பு ஓரிடம், புல் ஓரிடம், விளக்கு ஓரிடம், இம்மூன்றும் ஒன்றையொன்று நெருங்கலாகாது. அப்படிப்பட்ட கொட்டகையில், கொங்கணத்து மழையில், தோலும் கயிறும் கம்பளமும் எங்கே இருந்திருக்க முடியும் என்று எண்ணிப் பார்க்கலாம். தரை ஈரம். தரையில் போட்ட சேணத்தின் உள்மெத்தை ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். அதையே குதிரையின் முதுகில் ஏற்றினால் புண் வரும். முதுகு புண்ணான குதிரை படைக்கு உதவாது. தோல்வாரில் ஊறிய வியர்வையில் உப்பு இருக்கும். உப்புக்கு எலி வரும். எலி கடித்த வயிற்றுவார் லாயத்தில் அறுவதில்லை, பாய்ச்சலின் நடுவில்தான் அறும். மண் முளைக்குக் கட்டிய முன்கயிறும் பின்கயிறும் நனைந்தால் இறுகி, குதிரையின் கணுக்காலை அறுக்கும். கருவியைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து சற்று விலக்கி, காற்றுப் படும்படி தொங்கவிடுவது அழகுக்காக ஏற்பட்டதன்று. எல்லாவற்றையும் ஒரே மாதிரி தொங்கவிடவும் முடியாது. கடிவாளத்தின் தலைவாரைக் கூரிய ஆணியில் மாட்டினால் அந்த மடிப்பிலேயே வெடிக்கும். அதற்குத் தடித்த, உருண்ட முளை வேண்டும். சேணத்தை ஒரு காதில் மாட்டித் தொங்கவிட்டால் அதன் உருவம் கோணும். குதிரையின் முதுகைப் போன்ற ஒரு மரத்தாங்கியின்மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். முள்கரண்டி போன்ற கூரிய கருவிகள் குதிரையின் தலையும் காலும் எட்டாத் தொலைவில் இருக்க வேண்டும். இவை எந்தச் சாத்திரத்திலும் ஏற வேண்டாத அளவுக்கு லாயத்து மக்களுக்குத் தெரிந்தவை. அதனாலேயே நம் ஆவணங்களில் அரிதாகத் தென்படுகின்றன.

கொட்டகைக் கட்டுமானம் பற்றி ஒரு சொல். புனேயின் பழைய வாடாக்களில் மரத்தூணிலும் சுவரிலும் முளைகளும், சுவருக்குள் குடைந்த மாடங்களும் இயல்பானவை. முளை பொருளுக்கு, மாடம் விளக்குக்கு என்னும் அந்தப் பிரிவினையின் பொருத்தம் 1673ஆம் ஆண்டுக் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. திரி சுவருக்குள் ஒடுங்கி இருக்கும். தோல் வெளியே தொங்கும்.

இனி, யாருடைய கருவி என்னும் கேள்வி. மராத்தியக் குதிரைவீரரில் இரு வகையினர் இருந்தனர் என்பது மாணவர் அறிந்ததே. குதிரையையும் கருவிகளையும் அரசிடமிருந்து பெற்றவன் பார்கீர். தன் குதிரையோடும் தன் படைக்கலத்தோடும் வந்தவன் சிலேதார். சிலேதார் என்னும் சொல்லின் வேரே படைக்கலத்தைக் குறிக்கும் அரபுச் சொல். கருவி உடையவன் என்பதே அதன் பொருள். பாடநூல்கள் இப்பிரிவைக் கூலி வேறுபாடாக விளக்கி நிறுத்திவிடுகின்றன. லாயத்துக்குள் நின்று பார்த்தால் வேறுபாடு இன்னும் ஆழமானது. சிலேதாரின் சேணம் அவன் சொத்து. அது எங்கே தொங்கியது என்பது அவன் குடும்பத்தின் கவலை. பார்கீரின் சேணம் அரசின் சொத்து. ஆகவே அது எண்ணப்படத்தக்க இடத்தில் இருக்க வேண்டும்.

கிருஷ்ணாஜி அனந்த சபாசத் எழுதிய பகர் இந்த எண்ணும் ஏற்பாட்டை விளக்குகிறது. இருபத்தைந்து பார்கீர்களுக்கு ஒரு ஹவல்தார். அந்த இருபத்தைந்து பேருக்கு ஒரு லாடம் கட்டுபவர், ஒரு தண்ணீர் சுமப்பவர். ஐந்து ஹவல்தார்களுக்கு ஒரு ஜும்லேதார். மழைக்காலத்தில் படை தன் நாட்டுக்குத் திரும்பித் தங்க வேண்டும். அதற்கு முன்பே தானியமும் தீவனமும் மருந்தும் கூரை வேய்ந்த கொட்டகைகளும் ஆயத்தமாக இருக்க வேண்டும். தசராவன்று மீண்டும் புறப்படும்போது சிறியோர் பெரியோர் எல்லாரிடமும் உள்ள பொருள்களின் பட்டியல் எடுக்கப்படும். திரும்பி வந்ததும் அப்பட்டியலோடு ஒப்பிடுவர். மிகுதியாக இருந்தால் அரசுக்குச் சேர வேண்டியது கணக்கில் கழிக்கப்படும். கொள்ளையை அரசுக்குச் சேர்க்கும் வழி என்றே இதைப் பொதுவாக விளக்குவர். இருக்கட்டும். ஆனால் தசராவன்று பட்டியல் எடுக்க வேண்டுமானால் அதற்கு முந்தைய நான்கு மாதங்கள் பொருள்கள் பிரித்து, நிரல்பட வைக்கப்பட்டிருக்க வேண்டும். குவியலை எண்ண முடியாது. நிரலைத்தான் எண்ண முடியும்.

தமிழ் மாணவர்க்கு இங்கு ஓர் இடைக்குறிப்பு. சபாசத் தம் நூலைப் புனேயில் எழுதவில்லை, ராய்கட்டிலும் எழுதவில்லை. 1690களில் ராஜாராம் செஞ்சியில் தங்கியிருந்தபோது, அவர் வேண்டுகோளின்படி செஞ்சிக் கோட்டையில் எழுதினார். மராத்திய லாய ஒழுங்கு பற்றிய அடிப்படைச் சான்றுகளில் ஒன்று தமிழ் மண்ணில், முகலாய முற்றுகைக்கு நடுவில் எழுதப்பட்டது. செஞ்சியின் கீழ்க்கோட்டையில் குதிரை லாயம் எனக் காட்டப்படும் நீண்ட வளைவு அறை வரிசை இன்றும் நிற்கிறது. 2025இல் ‘மராத்திய ராணுவ நிலக்காட்சிகள்’ என்னும் தலைப்பில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளில் தமிழ்நாட்டைச் சேர்ந்தது செஞ்சி ஒன்றே. அங்குச் செல்வோர் கல்யாண மஹாலைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை செல்வோர் அந்த அறைகளின் உட்சுவரையும் சற்று நின்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மராத்தியரின் இக்கணக்கு முறை வெற்றிடத்தில் பிறந்ததன்று. தக்காணச் சுல்தான்களின் நடைமுறை அவர்களுக்கு நெருங்கிய முன்னோடி. எனினும் விரிவான எழுத்துச் சான்று வட இந்தியாவிலிருந்து கிடைக்கிறது. அபுல் ஃபஸலின் ஆயினே அக்பரி பேரரசரின் தனிக் குதிரை ஒவ்வொன்றுக்கும் ஓராண்டுக் கருவிச் செலவாக 277½ தாம் ஒதுக்குகிறது. நாற்பது தாம் ஒரு ரூபாய். ஆக ஏழு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. உருப்படிகளையும் விலையோடு தருகிறது. பஞ்சு திணித்த சீட்டித் துணிப் போர்வை 47, பிடரிமயிர் மூடும் துணி 32, துடைக்கும் கம்பளித் துண்டு 2. இம்மூன்றும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை மாற்றப்படுவன. மயிர்நூலால் நெய்து கம்பளி அடித்தளமிட்ட சேணவிரிப்பு 42, கட்டும் கயிறுகள் 40, வயிற்றுவார் 8, ஈயோட்டும் சாமரம் 3, தலைக்கயிறும் கடிவாள இரும்பும் 14, குதிரை தேய்க்கும் சீப்பு 1½, கொள்ளுப்பை 6, தீனிக் கூடை 1. இவை ஆண்டுக்கு ஒருமுறை. ஆய்வு மாணவர்கள் இப்பட்டியலைக் கூட்டிப் பார்க்கலாம். முதல் மூன்றின் 81ஐ இரட்டித்தால் 162, மற்றவை 115½, மொத்தம் சரியாக 277½. மூன்று நூற்றாண்டுப் படியெடுப்பைத் தாண்டியும் கணக்கு இவ்வளவு துல்லியமாக நிற்பது வியப்பளிக்கிறது. இது இலக்கிய வருணனையாக இல்லாமல் அலுவலகப் பேரேட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மொத்தத்தை விடவும் கழிவுகள்தாம் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. புதிய போர்வை தரும்போது பழையதற்காகப் பாதி விலை கழிக்கப்படும். பழைய பிடரித் துணிக்கு ஆறில் ஒரு பங்கு. ஆண்டுக் கருவிகள் எல்லாவற்றின் பழம்பொருளுக்கும் சேர்த்து 15 தாம் 10 ஜீத்தல். கிழிந்த போர்வையும் அறுந்த வாரும் தேய்ந்த சீப்பும் குப்பையில் எறியத்தக்கவையாக இருக்கவில்லை. அவற்றுக்குப் பணமதிப்பு இருந்தது. லாயத்தின் சுவரில் பயன்படும் கருவிகள் மட்டுமே தொங்கின என நாம் எண்ணுவது பிழையாகலாம். கணக்கு முடியும்வரை பயன்படாதவையும் காத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

அந்நூல் லாயத்துப் பணியாளரையும் வரிசைப்படுத்துகிறது. தலைமை அலுவலரான ஆத்பேகி, தாரோகா, கணக்கெழுதும் முஷ்ரிஃப், குதிரை மருத்துவர், லாடம் கட்டுபவர், தண்ணீர் கொணர்பவர், பெருக்குபவர், கண்ணேறு கழிக்க விதைகளைப் புகைப்பவர், இரண்டு குதிரைக்கு ஒருவராக சாயீஸ்கள். இவர்களோடு, சேணங்களைப் பேணுவதற்கென்றே ‘ஜீன்தார்’ என ஒரு பதவி. தமிழில் சேணத்துக்கு ‘ஜீனி’ என்னும் சொல் வழங்கியதை முதியோர் அறிவர். அதே பாரசீகச் சொல். சேணத்தை வைத்துக் காப்பது குதிரையைத் தேய்ப்பவனின் வேலையிலிருந்து பிரிந்து தனி வேலையாகிவிட்டது. ஒரு பேரரசின் அளவு எத்தகையது என்பதை இதிலிருந்தும் அளக்கலாம். சபாசத் காட்டும் இருபத்தைந்து பேர் அலகில் லாடம் கட்டுபவரும் தண்ணீர்க்காரரும் இருக்கிறார்கள், ஜீன்தார் இல்லை. அங்கே அவ்வேலை பார்கீரின் கையிலோ குதிரைக்காரரின் கையிலோ இருந்திருக்க வேண்டும். மராத்தியர் குதிரைக்காரரை ‘மோத்தத்தார்’ என்பர்.

இதற்கும் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு மேலான பழைய கட்டமைப்பு அர்த்தசாஸ்திரத்தின் அசுவாத்தியட்சர் பற்றிய இயலில் இருக்கிறது. குதிரையின் உடல் நீளத்தையே அளவுகோலாகக் கொண்டு லாயத்தின் அகலத்தை அது வகுக்கிறது. மரப்பலகைத் தரை, தீனிக்குத் தனி அறை, சாணமும் சிறுநீரும் வெளியேற வழி, கிழக்கு அல்லது வடக்கு நோக்கிய வாயில் எனச் சொல்லிச் செல்கிறது. குரங்கு, மயில், கீரி, கிளி முதலியவற்றையும் லாயத்தில் வைக்கச் சொல்கிறது. குரங்கை வைத்துக்கொண்டு கருவிகளை எப்படி ஒழுங்காகத் தொங்கவிட்டார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. கயிறு பிடிப்பவர், குதிரையைக் கட்டுபவர், புல் கொணர்பவர், தீனி சமைப்பவர், இடம் காப்பவர், மயிர் திருத்துபவர், நஞ்சு அறிந்தவர் எனப் பணி பிரித்து, தவறினால் கூலியில் தண்டம் என்கிறது. ஆயினும் பொருள்களின் இருப்பிடம் பற்றி அது ஏறத்தாழ மௌனம். நூலாசிரியர் ஆள்களை ஒழுங்குபடுத்தினால் பொருள்கள் தாமே ஒழுங்குபடும் என நம்பியவர் போலும். ஆயினே அக்பரியோ பொருள்களை எண்ணினால் ஆள்கள் ஒழுங்குபடுவர் என்னும் எதிர்த் திசையிலிருந்து வருகிறது.

தமிழகத்துக்கு வருவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோவும், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாபும் ஏறக்குறைய ஒரே குற்றச்சாட்டை நம்மீது வைக்கிறார்கள். குதிரைகள் ஆண்டுதோறும் கடல்வழி வந்து குவிகின்றன. ஆண்டுக்குள் பெரும்பாலானவை மடிகின்றன. கைஸ் தீவிலிருந்து மட்டும் 1400 குதிரைகள், ஒன்றுக்கு 220 பொன் தினார் விலை, வழியில் மடிந்தாலும் கருவூலமே ஈடு செய்யும் என்பது வஸ்ஸாப் தரும் ஒப்பந்தம். வந்த குதிரைகளை நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் லாயத்தில் கட்டிப் போட்டுக் கொழுக்க வைப்பர்; பிறகு பழக்காமலே, அங்கவடி முதலிய ஏறுகருவிகள் இன்றியே வீரர் ஏறிப் பாய்வர் என்கிறார் அவர். லாடம் கட்டத் தெரிந்தவர் இங்கு இல்லை, வணிகர் அத்தகையோரை இங்கு வரவும் விடுவதில்லை என்கிறார் போலோ.

இக்கூற்றுகளை அப்படியே ஏற்பதற்கில்லை. குதிரை மடிவதில் இலாபம் காணும் வணிக வட்டத்தின் பேச்சு இது. வாங்குபவனின் அறியாமையைப் பெருக்கிச் சொல்வது விற்பவனுக்கு வழக்கம். ‘பண்’, ‘கலனை’, ‘கடிவாளம்’, ‘மந்துரை’, ‘குரப்பம்’ ஆகிய சொற்கள் தமிழ் அகராதிகளில் உள்ளன. குரப்பம் என்பது குதிரை தேய்க்கும் கருவி. குதிரையைத் தேய்க்கவே தெரியாத மக்களிடம் தேய்க்கும் கருவிக்குப் பெயர் இருக்க வேண்டியதில்லை. இருப்பினும் வஸ்ஸாபின் ஒரு விவரத்தை நான் தள்ளமாட்டேன். அவருடைய வருணனையில் லாயத்தில் இருப்பவை இரண்டே பொருள்கள்: கயிறு, முளை. இரண்டும் குதிரையை நிறுத்தி வைப்பவை; ஓட்டுவதற்குரியவை அல்ல. வருணனை மிகையாயினும், குதிரையின் விலை மிக உயர்ந்து கருவியின் செலவு அதனோடு ஒப்பிட அற்பமாகிவிட்ட பொருளாதாரத்தில் எது கவனம் பெறும், எது பெறாது என்பதை அது காட்டுகிறது.

கயிற்றின் மதிப்பை நம் மரபே வேறு வகையில் நினைவு வைத்திருக்கிறது. மாணிக்கவாசகர் கதையில் சொக்கநாதர் குதிரை வணிகராக வந்து, கயிறு மாற்றிக் கொடுத்துக் குதிரைகளைப் பாண்டியனிடம் ஒப்படைக்கிறார். கயிறு கை மாறிய கணத்தில் உடைமை மாறுகிறது. பிறகு நேர்வதற்கு விற்றவர் பொறுப்பில்லை. அன்றிரவே லாயத்தில் பரிகள் நரிகளாகி, இருந்த பழங்குதிரைகளைக் கடித்துக் குதறுகின்றன. பக்திக் கதையாக இதைப் படிக்கும் நாம், அதனுள் ஒரு வணிக வழக்கமும் ஓர் அரசு லாயத்தின் இரவு அச்சமும் பொதிந்திருப்பதை அரிதாகவே கவனிக்கிறோம்.

இன்றைய நிக்டியின் சுற்றுப்புறத்தில் குதிரை எஞ்சியிருப்பது பெரும்பாலும் திருமண ஊர்வலத்துக்காக. 1972இல் பிம்ப்ரி–சிஞ்ச்வட் புதுநகர் வளர்ச்சி ஆணையம் ஏற்பட்ட பிறகு பகுதி பகுதியாக எண்ணிட்டுப் பிரிக்கப்பட்ட குடியிருப்புகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடையில் தகரக் கொட்டகைகளில் இரண்டு மூன்று குதிரைகள் நிற்பதைக் காணலாம். அப்படி ஒன்றை நான் பலமுறை சென்று பார்த்திருக்கிறேன். ஒரு சுவரில் ஆணிகள் இரு வரிசை. கீழ் வரிசையில் அன்றாடப் பொருள்கள்: தேய்க்கும் இரும்புச் சீப்பு, குளம்பில் ஒட்டியதைத் தோண்டும் கொக்கி, கயிறு, வாளி. மேல் வரிசையில் சரிகைப் போர்வையும் நெற்றிப் பட்டமும், உரச்சாக்கில் கட்டிக் கூரைக் கம்பியிலிருந்து தனிக் கயிற்றில் தொங்குகின்றன. ஏன் சுவரில் மாட்டவில்லை என்று கேட்டேன். சுவர் வழியாக எலி வரும், தனிக் கயிற்றில் இறங்காது என்றார் குதிரைக்காரர். வாடகைக்கு விடுவது குதிரையை என்றாலும் மணமகன் வீட்டார் பேரம் பேசுவது சரிகையைப் பார்த்துத்தான். அது கெட்டால் பருவமே போயிற்று என்றும் சொன்னார். கடிவாளங்களுக்கு ஆணியில் பழைய மிதிவண்டிக் கைப்பிடி ரப்பரைச் செருகியிருந்தார். தலைவார் வெடிக்காமல் இருக்க உருண்ட முளை வேண்டும் என்னும் பழைய அறிவு அந்த ரப்பரில் இருந்தது. அதை அவர் எங்கே கற்றார் என்று கேட்டதற்கு, இதில் கற்க என்ன இருக்கிறது என்றார்.

ஆங்கிலேயர் காலத்தை விரைந்து கடக்கலாம். 1817ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பேஷ்வாவின் செலவில், ஆங்கிலேய அலுவலரின் கீழ் உருவான புனே துணைக் குதிரைப்படையே பின்னாளில் ‘பூனா ஹார்ஸ்’ ஆயிற்று. அதே ஆண்டு நவம்பர் 5 அன்று கிர்க்கியில், பேஷ்வாவின் படை ஆங்கிலேயரிடம் தோற்றது. வென்றவர்கள் தோற்றவரின் சிலேதார் முறையை ஒழிக்காமல் தம் இந்தியக் குதிரைப்படைகளில் ஒரு நூற்றாண்டு வைத்திருந்தனர். வீரன் குதிரைக்கும் கருவிக்கும் தானே பொறுப்பேற்றால் அரசுக்குச் செலவு குறைவு. முதல் உலகப் போர் அந்த ஏற்பாட்டை முறித்தது. கடல் கடந்த களங்களில் மாண்ட குதிரைக்கும் அறுந்த வாருக்கும் ஈடுகட்ட ஊரின் சந்தை அருகில் இல்லை. போருக்குப் பின் நடந்த சீரமைப்பில், 1920களின் தொடக்கத்தில், சிலேதார் முறை நீங்கியது. அதன்பின் எல்லாச் சேணமும் அரசின் சேணமே, எல்லா முளைக்கும் எண் உண்டு. கருவி அறையில் ஒவ்வொரு தாங்கியின்மேலும் எண் தீட்டும் வழக்கத்தை ஆங்கிலேய ஒழுங்கின் அடையாளமாகப் பலரும் எழுதுகிறார்கள். தசராப் பட்டியலை எண்ணிப் பார்த்தால் அந்த எண்ணும் மனம் இங்கு முன்பே இருந்தது. எண்ணப்படாமல் தப்பியிருந்தது சிலேதாரின் பங்கு மட்டுமே.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன். புனேயின் பேஷ்வா தஃப்தரில் மோடி எழுத்து ஆவணங்கள் துணி மூட்டைகளில் கட்டி வைக்கப்பட்டுள்ளன. 1930களின் முன்பாதியில் சர்தேசாய் 45 தொகுதிகளாகத் தெரிந்து வெளியிட்டவற்றில் அரசியலும் போரும் முதலிடம் பெற்றன. அது அக்காலத் தேவை. தஞ்சை சரசுவதி மகாலில் நகுலன் பெயரால் வழங்கும் அசுவசாஸ்திரச் சுவடி உள்ளது. அது 1952இல் அச்சேறிவிட்டது. மராத்தி மோடி ஆவணங்கள் தஞ்சையிலும் உள்ளன. மராத்தியில் பயனற்ற நிரப்புப் பொருளுக்கு ‘சேணத் திணிப்பு’ என்று பெயர். சேணத்தின் உள்ளே அடைக்கும் கந்தலிலிருந்து வந்த வழக்கு. லாயச் செலவுச் சீட்டுகளை இதுவரை நாம் அப்படித்தான் நடத்தி வந்திருக்கிறோம். கயிறு, எண்ணெய், வார், முளை, கூடை என வரும் வரிகளைத் தள்ளிவிட்டுப் படைத்தலைவரின் பெயர் வரும் பக்கத்தைத் தேடுகிறோம். இரு ஊர்களின் சீட்டுகளையும் அருகருகே வைத்து, ஆண்டில் எந்த மாதத்தில் கயிறு வாங்கினார்கள், எந்த மாதத்தில் எண்ணெய் வாங்கினார்கள் என்பதை மட்டும் ஒருவர் தொகுத்தாலும் போதும். புனேயின் தென்மேற்குப் பருவமழையும் தஞ்சையின் வடகிழக்குப் பருவமழையும் ஒரே மராத்திய லாயப் பழக்கத்தை எப்படி இரு வேறு நாட்காட்டிகளாகப் பிரித்தன என்பது அதில் தெரிய வரலாம். மோடி எழுத்துப் படிக்கப் பழகியவர்கள் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.